பச்சைப் பொட்டு வைத்த டெலிபோன் ரிசீவர்

“ஏட்டி, இன்னைக்கு அவிய ஏன் பேசல?”

பரிபூரணம் அத்தை இப்படிக் கேட்டபோது அவருடைய கணவர் பேசிக்கொண்டுதான் இருந்தார். கட்டிலருகே ஸ்டூலில் இருந்த ரேடியோவிலிருந்து பொன்னுராஜ் மாமாவின் குரல் அறை முழுக்க வந்துகொண்டிருந்தது. அதுவரை நான் கேட்ட எந்த நாளையும்விட அன்று அந்தக் குரல் நன்றாக இருந்தது. கரகரப்பு இல்லை. பெரிய ஸ்பீக்கர் வைத்த சர்ச்சில் யாரோ வேதபாடம் வாசிப்பதுபோல் கனமாக, நிதானமாக இருந்தது. அத்தை ரேடியோவின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அது அதிர்வது கைக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் மறுபடி அதையே கேட்டார். 

யார் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பொன்னுராஜ் மாமா இருப்பது ராஜபாளையத்தில். ஒரு பஞ்சுமில்லில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்து, ஃபோர்மேனாகி, போன வருடம் ரிட்டையர் ஆனார். அத்தை அதே மில்லில் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் பிரிவில் வேலை பார்த்தவர். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு மகள் ஜெயசித்ரா அக்கா அவரை ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தன் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். அக்கா கான்சாபுரத்தில் டீச்சர். விடிந்ததும் பஸ் ஏற வேண்டும். நான் பக்கத்து வீடு. பிளஸ் டூ முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன். “சும்மா நடக்கதுக்கு அங்க போயி அத்தைக்குத் துணையா உக்காரு” என்று அம்மா அனுப்பினாள். அக்கா வீடு திரும்பும்வரை அத்தையோடு இருப்பது என் வேலையானது.

அத்தைக்குக் காது கேட்காது. முழுச் செவிடு என்று சொல்ல முடியாது. மில்லில் ரிங் ஃபிரேம் ஓடும் இரைச்சலில் பல வருடம் நின்றவர்களுக்கு வருவது அது. பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. “பஞ்சு மூட்டைக்குள்ள இருந்து பேசுத மாதிரி இருக்கு” என்பார். காதுமெஷின் வாங்கிக் கொடுத்தார்கள். அதை மாட்டினால் திரும்பவும் ஷிஃப்டுக்குப் போன மாதிரி இருக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். முன்பெல்லாம் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாராம். மில்லுக்குள் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள். ஆனால் சர்க்கரை நோய் கண்ணையும் விடவில்லை. எதிரே யாரோ நிற்கிறார்கள் என்பது தெரியும். உதடு தெரியாது.

அந்த வீட்டுக்குப் போன முதல் நாளே ஒன்றைக் கவனித்தேன். காலை ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அத்தை எழுந்து உட்கார்ந்து, முடியை அள்ளி முடிந்துகொண்டு, தடவித் தடவி ரேடியோவைப் போட்டார். சற்று நேரம் இரைச்சல். பிறகு வாத்துகள் சண்டை போடுவதுபோல ஒரு சத்தம். நான் அதை நிறுத்தப் போனேன். கையைத் தட்டிவிட்டார். அப்புறம் மரத்தில் எதையோ தட்டுவதுபோல் மூன்று தட்டு கேட்டது. அதைத் தொடர்ந்து ஒரு குரல். மூக்கால் பேசுவதுபோல, தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல.

“எல்லாருக்கும் காலை வணக்கம். ராஜபாளையத்துல வானம் தெளிவா இருக்கு. மலை மேல மட்டும் கொஞ்சம் மேகம். காலையில ரெண்டு இட்லி, நல்லெண்ணெயும் பொடியும். சுகர் மாத்திரை போட்டாச்சு. ராத்திரி நல்லாத் தூங்குனேன். ஓவர்.”

அத்தை வாய்விட்டு ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். “ரெண்டு இட்லி. பொடி. மாத்திரை போட்டாவ.” பிறகு என் பக்கம் திரும்பி, “சட்னி அரைக்கச் சோம்பேறித்தனம்” என்றார். முந்திய நிமிடம்வரை நான் அவர் காதில் கத்தியும் ஒரு வார்த்தை ஏறவில்லை.

மாமாவிடம் ஹாம் ரேடியோ லைசென்ஸ் இருக்கிறது. அரசாங்கப் பரீட்சை எழுதி வாங்க வேண்டிய லைசென்ஸ் அது. அது உள்ளவர்கள் வீட்டிலேயே டிரான்ஸ்மிட்டர் வைத்து, லைசென்ஸ் உள்ள மற்றவர்களோடு பேசலாம். தினமும் காலையில் ஆலங்குளம், சிவகாசி, மதுரை, இன்னும் தூரத்து ஊர்களில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே அலைவரிசையில் கூடுகிறார்கள். ஒருவர் பேச மற்றவர்கள் கேட்பார்கள். உங்கள் குரல் எப்படி வருகிறது என்று ஒருவருக்கொருவர் ரிப்போர்ட் கொடுப்பார்கள். லைசென்ஸ் இல்லாதவர்களை அழைத்துப் பேசக் கூடாது என்பது சட்டம். ஆனால் ஷார்ட்வேவ் எடுக்கும் ரேடியோ இருந்தால் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அத்தைக்கு லைசென்ஸ் இல்லை; அதனால் மாமா அத்தையின் பெயரைச் சொல்லாமல், எல்லாருக்கும் சொல்வதுபோலத்தான் சொல்லுவார்.

இப்போது மற்றவர்கள் எல்லாம் எஸ்.எஸ்.பி. என்கிற முறையில் அனுப்புகிறார்கள். சாதாரண ரேடியோவில் அதுதான் வாத்துச் சத்தமாகக் கேட்கும். மாமா மட்டும் பழைய ஏ.எம். முறையிலேயே இருந்தார். அதனால் அந்த அறையில் எப்போதும் பேச்சின் ஒரு பாதிதான் கேட்கும். வாத்து கேள்வி கேட்கும், மாமா பதில் சொல்லுவார்.

அவருடைய டிரான்ஸ்மிட்டரை நான் பிறகு போய்ப் பார்த்தேன். பீரோவின் கீழ்த்தட்டு அளவு இரும்புப் பெட்டி. அவரே செய்தது. “எயிட் நாட் செவன்” என்று அவர்கள் சொல்லும் கண்ணாடி வால்வுகள், பால் டம்ளரைவிடப் பெரியவை, உள்ளே சிவப்பாக எரிகின்றன. உள்ளே இருந்த டிரான்ஸ்ஃபார்மரை மில்லில் மோட்டார் காயில் கட்டும் இடத்தில், மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு, சாப்பாட்டு இடைவேளைகளில் அவரே சுற்றியிருக்கிறார். கல்யாணத்துக்கு முன்பே அந்தப் பெட்டி இருந்ததாம்.

கல்யாணமும் மில்லில்தான் ஆரம்பித்தது. பெல்ட் அறுந்துவிட்டது என்று மாமாவை ரிங் ஃபிரேமுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போனவரிடம் ஒரு பெண், அதுதான் அத்தை, உதட்டை மட்டும் அசைத்து ஏதோ சொல்லியிருக்கிறாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சத்தமில்லாத எலக்ட்ரிக்கல் ரூமில் வேலை பார்ப்பவருக்கு உதட்டுப் பேச்சு தெரியாது. பக்கத்தில் நின்றவளிடம் கேட்டிருக்கிறார். “பெல்ட்டைப் பாக்கச் சொன்னா நீரு ஆளைப் பாத்துட்டு நிக்கிறீரேன்னு கேக்கா” என்று அவள் சொல்லியிருக்கிறாள். மாமா இதை என்னிடம் சிரிக்காமல்தான் சொன்னார்.

அத்தையின் காது மங்கத் தொடங்கியபோது மாமா ஒரு காரியம் செய்தார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ரேடியோவோடு அத்தையைப் பின்னறையில் உட்காரவைத்துவிட்டு, முன்னறையில் ஒவ்வொரு மைக்காக மாற்றி மாற்றிச் செட்டில் மாட்டி, மில்லில் வேலை செய்கிறவர்களின் பெயர்களை வாசித்தார். அத்தை கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நல்ல மைக்குகளில் எல்லாம் அத்தைக்கு வெறும் இரைச்சல். கடைசியில் பழைய கறுப்பு டெலிபோன் ஒன்றின் ரிசீவரை மாட்டினார். அந்தக் காலத்து ரிசீவரில் வாய் வைக்கிற இடத்துக்குள் வட்டமான ஒரு வில்லை இருக்கும். அதற்குள் கரித்தூள். நாம் பேசும்போது கரித்தூள் அழுந்திக் குரலை மின்சாரமாக்குகிறது. குரலின் கனத்தை எல்லாம் அது விட்டுவிடும். ச, ட, ப என்று எழுத்துகளின் முனை மட்டும் கூர்மையாகப் போகும். கேட்கிறவர்களுக்குக் காது வலிக்கும். அத்தை எல்லாப் பெயரையும் சரியாகச் சொன்னார். மாமா அந்த வில்லையின் பின்பக்கத்தில், மோட்டாருக்கு அடிக்கும் பச்சைப் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்தார். வேறு வில்லையோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக.

கரித்தூள் சும்மா இருந்தால் இறுகிக்கொள்ளும். அதனால் பேசுவதற்கு முன் ரிசீவரை மேசையில் தட்டித் தளர்த்த வேண்டும். அந்த மூன்று தட்டுக்குக் காரணம் அதுதான். அத்தைக்கு அது கதவைத் தட்டும் சத்தம் மாதிரி.

ரிட்டையர் ஆனதும் அப்பா இங்கேயே வந்துவிட வேண்டும் என்று ஜெயசித்ரா அக்கா பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் முன்னாலேயே அந்தப் பேச்சு நடந்தது.

“ரெண்டு ஊருக்கும் நடுவுல அரைமணி நேர பஸ்ஸு. எதுக்குப்பா தனியாக் கெடந்து பொங்கித் திங்கிய?”

“இங்க வந்து?”

“அம்மா பக்கத்துல இருக்கலாம்லா.”

“பக்கத்துல உக்காந்தா நான் பேசுறது அவளுக்குக் கேக்காது. அங்கன இருந்தாத்தான் கேக்கும்” என்றார் மாமா.

 டிரான்ஸ்மிட்டரை இங்கே கொண்டுவரவும் வழியில்லை; அக்காவின் வாடகை வீட்டு மாடியில் ஏரியல் கம்பி கட்ட வீட்டுக்காரர் விடமாட்டார். மாமா வழக்கம்போல அத்தையின் கையைப் பிடித்தபடி மாலைவரை உட்கார்ந்திருந்துவிட்டுப் பஸ் ஏறினார்.

இதெல்லாம் அவருடைய ரேடியோ நண்பர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு அவர் குரல் ஒரு தொந்தரவு. அவர்களில் ஒருவரான வினோத் அண்ணன் ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் டி.வி., இன்வெர்ட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். அந்தக் கடைக்கு அக்காவுக்குப் பள்ளி லீவான ஒரு நாள் காலையில் போயிருந்தபோது, அவருடைய நல்ல ரிசீவரில் வாத்துகள் எல்லாம் மனிதர்களாகப் பேசுவதைக் கேட்டேன். ஆலங்குளத்து ஆல்வின் அண்ணாச்சிதான் கூட்டத்தில் கேலிக்காரர்.

“நம்ம இட்லி ஸ்டேஷன் வந்தாச்சா? அண்ணாச்சி, இன்னைக்கு மெனு என்ன?”

“தோசை ஆல்வின். மாவு புளிச்சுப் போச்சு.”

“அத ஏன் அண்ணாச்சி தகரத்துல சுடுதீங்க? இங்கன எங்க வீட்டு நாய் எந்திச்சுப் போயிருச்சு.”

எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். வினோத் அண்ணனுக்கு மாமாமேல் மிகுந்த மரியாதை. அதனால்தான் அவருக்கு வருத்தம். “எம்புட்டு நல்ல குரல் தெரியுமா அவருக்கு? நேர்ல பேசினா அப்பிடி இருக்கும். ரேடியோவுல வந்தா கிழிஞ்ச தகரம்” என்றார்.

மாமாவின் ரிட்டையர்மெண்டுக்கு அவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு பரிசு செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் மாமா ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விடுவார், சாவி எதிர்வீட்டில் இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். வினோத் அண்ணனும் ஆல்வின் அண்ணாச்சியும் வீட்டைத் திறந்து உள்ளே போனார்கள். டெலிபோன் ரிசீவரைக் கழற்றினார்கள். அதற்காக மாமா கட்டியிருந்த பழைய சர்க்யூட்டையும் கழற்றினார்கள். ஸ்டாண்டோடு கூடிய புது மைக்கை வைத்து, அதற்குத் தகுந்த ஆம்ப்ளிஃபையரை மாட்டி, மேசையைத் துடைத்து, ஒரு பூமாலையும் போட்டுவிட்டு வந்தார்கள். பழைய சாமான்களைச் சாக்கில் போட்டு வினோத் அண்ணன் கடைக்கு எடுத்துப் போனார். அந்த நேரத்தில் மாமா இங்கே அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலைதான் அத்தை என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது.

நான் ரேடியோவில் கோளாறு என்று நினைத்தேன். பேட்டரியை மாற்றினேன். ஜன்னல் பக்கம் நகர்த்தினேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் குரல் அழகாக வந்தது. மூன்று தட்டு வரவில்லை. அத்தை இரைச்சலுக்கு முன்னால் காத்திருந்துவிட்டு அணைத்தார். ஞாயிற்றுக்கிழமை மாமா வந்ததும் சொன்னேன்.

“அத்தைக்கு நீங்க பேசுறது கேக்கல மாமா. நீங்க பேசலன்னு நெனைக்காவ.”

அவர் சட்டைப் பையிலிருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். “காது இன்னும் கொஞ்சம் மோசமாயிருக்கும்” என்றார்.

அக்கா அத்தையைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனார். காது முன்பு இருந்த மாதிரிதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அதைப் போனில் மாமாவிடம் சொன்னபோதும் அவர் உடனே ஒன்றும் செய்யவில்லை. அவர் ஏன் அப்படி இருந்தார் என்பதை எனக்கு அவரே பிறகு சொன்னார்.

“அத்தனை பேரும் ரிப்போர்ட் குடுத்தாங்க பாப்பா. கொச்சியில இருந்து ஒருத்தர், யாருன்னே தெரியாது, உங்க குரலைக் கேக்கத்தான் டயலைத் திருகாம நிறுத்துனேன்னு சொன்னாரு. ஹெட்ஃபோன்ல எனக்கே என் குரல் நல்லா இருந்துச்சு. மில்லுல ரிட்டையர் ஆனப்போ மாலை போட்டாங்க. அதைவிட இது நல்லா இருந்துச்சு. அந்தப் பயலுவ ஆசையாச் செஞ்சது வேற. செத்த நாள் போகட்டும்னு இருந்துட்டேன்.”

செத்த நாள் என்பது சில வாரங்கள். அந்த வாரங்களில் அத்தை முதலில் ரேடியோவை வழக்கம்போல் போட்டார். பிறகு தாமதமாகப் போட்டார். பிறகு போடவில்லை. முடி முடிவதும் நின்றது. நான் வாரிவிட்டால் தலையைக் கொடுப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, திட்டாமல், அழாமல், சாதாரணமாகச் சொன்னார்.

“பேசப் பிடிக்கலன்னா சொல்லிருங்க. நான் எதுக்கு அந்தப் பொட்டிகிட்ட உக்காந்திருக்கணும்?”

மாமா வாயைத் திறந்தார். எதைச் சொன்னாலும் கேட்காது. மூடிக்கொண்டார். அன்று மாலை பஸ்ஸைவிட்டு இறங்கியவர் வீட்டுக்குப் போகாமல் நேராக வினோத் அண்ணனின் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

“ஏலே வினோத்து, பழைய ரிசீவர் எங்க?”

“அதெல்லாம் போயிருச்சே அண்ணாச்சி. சோழபுரத்துச் சிவனாண்டி வந்து பழைய இரும்போட அள்ளிட்டுப் போனாரு. எதுக்குக் கேக்கிய?”

அப்போதுதான் மாமா முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னார். வினோத் அண்ணன் ஆல்வின் அண்ணாச்சிக்குப் போன் போட்டார். ஆல்வின் அண்ணாச்சி கேலி செய்யாமல் பேசிய நாளை நான் அறிந்தவரை அது ஒன்றுதான். “இத்தனை வருசமாத் தகரம் தகரம்னு சொன்னோமே. ஏன் அண்ணாச்சி ஒரு வார்த்தை சொல்லல?” என்றாராம்.

“நீங்க யாரும் ஏன்னு கேக்கலயே. கிண்டல்தான பண்ணுனிய” என்றார் மாமா.

மறுநாள் மூவரும் சோழபுரம் போனார்கள். சிவனாண்டி பழைய சாமான்களை டி.வி.எஸ். வண்டியில் சுற்றி வாங்குகிறவர். அவருக்கு அந்த ரிசீவர் நன்றாக நினைவிருந்தது. இரும்பு எடைக்குப் போகவில்லை. பழைய டெலிபோன், பழைய ரேடியோ, வால்வு எல்லாவற்றையும் தேடி வாங்கும் ஒருவர் காரில் வந்து எடுத்துப்போய்விட்டார். “புதுசாக் கட்டுத ஓட்டல்லயும் டீக்கடையிலயும் அலங்காரத்துக்கு வைக்காங்களாம். நமக்கென்ன தெரியும்? ஒடைஞ்சதுக்கும் ஆளு வருது” என்றார். காரில் வந்தவர் யார், எந்த ஊர் என்பது அவருக்குத் தெரியவில்லை.

ஆல்வின் அண்ணாச்சி தெரிந்த இடத்திலெல்லாம் சொல்லி, பழைய டெலிபோன்களின் கரித்தூள் வில்லைகளைச் சேர்த்தார். ஒரு துணிப்பை நிறையச் சேர்ந்தது. எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று நான் நினைத்தேன். அப்படி இல்லை என்று மாமா சொன்னார். ஒன்றில் கரித்தூள் பொடியாக இருக்கும், ஒன்றில் குருணையாக இருக்கும், ஒன்றில் ஈரம் ஏறியிருக்கும். ஒவ்வொன்றும் குரலை ஒவ்வொரு மாதிரி சீவும்.

ஒரு சனிக்கிழமை காலையில் சோதனை நடந்தது. அங்கே மாமா செட்டில் பழைய சர்க்யூட்டை மறுபடி கட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் பேச வேண்டும். ஆல்வின் அண்ணாச்சி ஆலங்குளத்திலிருந்து பதில் கொடுப்பார். வினோத் அண்ணன் மாமா பக்கத்தில் போனோடு நிற்பார். இங்கே நான் போனைக் காதில் வைத்தபடி, அத்தை என்ன சொல்கிறார் என்பதைத் தெரிவிக்க வேண்டும். அக்கா அத்தையின் கையைப் பிடித்து ரேடியோவின் மேல் வைத்தார். “எதுக்குட்டி இது?” என்றார் அத்தை. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

முதல் வில்லைக்கு அத்தை தலையை ஆட்டினார், ஒன்றுமில்லை என்று. அடுத்ததற்கும் அப்படித்தான். ஒன்றில் “இட்லி” என்பது மட்டும் ஏறியது. ஒன்றில் வெறும் கொதிக்கிற சத்தம். பை காலியாகிக்கொண்டே வந்தது. ஒவ்வொருமுறையும் மூன்று தட்டு கேட்கும்போது அத்தையின் முகம் நிமிரும், பிறகு தாழும்.

அப்புறம் ஒரு வில்லை. மூன்று தட்டு. “காலையில ரெண்டு இட்லி, தக்காளிச் சட்னி. சுகர் மாத்திரை போட்டாச்சு. மோட்டார் ரிப்பேர், தண்ணிக்கு எதிர்வீட்டுக்குப் போனேன். ஓவர்.”

“ரெண்டு இட்லி. தக்காளிச் சட்னி” என்றார் அத்தை. “மோட்டார் ரிப்பேராம். எதிர்வீட்டுல தண்ணி புடிச்சாராம்.”

அக்கா சுவரில் சாய்ந்துகொண்டார். போனில் மாமாவே வந்தார். “கேக்குதா?”

“கேக்குது மாமா. எல்லா வார்த்தையும் சொல்லுதாவ.”

“என்ன சொன்னா?”

நான் பதில் சொல்வதற்குள் அத்தை என் கையை இழுத்தார். “யாருட்டி இவரு? நல்லாப் பேசுதாரே” என்றார்.

போன் லைனில்தான் இருந்தது. மாமாவுக்கு அது கேட்டிருக்கும். இருந்தாலும் அவர் மறுபடி கேட்டார், “என்ன சொன்னா?” நான் சொன்னேன். “யாரு இவருன்னு கேக்காவ மாமா.”

அந்தப் பக்கம் பின்னால் மில் சங்கு ஊதுவது மட்டும் கேட்டது.

மிச்சமிருந்த வில்லைகளையும் பார்த்தார்கள். ஒன்றும் ஏறவில்லை. வார்த்தை ஏறியது அந்த ஒன்றில் மட்டும்தான்; அதுவோ குரலை வேறு யாருடையதோபோல் சீவியிருந்தது. அதில் வருவது மாமாவின் குரல்தான் என்று அக்கா அத்தையின் காதோடு வாயை வைத்துக் கத்தினார், உள்ளங்கையில் விரலால் எழுதிப் பார்த்தார். அத்தைக்கு அக்கா சொல்ல வந்தது புரிந்தது. ஆனால் நம்பவில்லை. “அவிய குரல் எனக்குத் தெரியாதா? நீ சமாதானத்துக்குச் சொல்லுத” என்றார்.

அடுத்த வாரம் மாமா, லைசென்ஸ் வாங்கிய நாளிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தார். மூன்று தட்டுத் தட்டிவிட்டு, வானம், மலை எதுவும் சொல்லாமல், “பரிபூரணம், நான் பொன்னுராஜ். நான்தான் பேசுறேன்” என்றார்.

அத்தை அதிர்ந்து போனார். “எவனோ என் பேரைச் சொல்லி விளையாடுதான்” என்று ரேடியோவை அணைத்தார். அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. நான் மாமாவுக்குப் போன் செய்து சொன்னேன். “சரி பாப்பா” என்றார். “நாளைக்கு இட்லியே சொல்லுதேன்.”

மறுநாள் அவர் இட்லி சொன்னார். அத்தை ரேடியோவைப் போடவில்லை. ஒரு வாரம் கழித்துப் போட்டார்.

இப்போது தினமும் போடுகிறார். முடியும் முடிந்துகொள்கிறார். மூன்று தட்டு வருகிறது. அந்தக் குரல் சாப்பிட்டதைச் சொல்கிறது, மாத்திரையைச் சொல்கிறது. அத்தை எல்லாவற்றையும் திருப்பிச் சொல்கிறார். “அவியளை மாதிரியே இவருக்கும் சுகர் போல” என்பார். “வீட்டுல பொம்பள இல்ல போல. தன்னாலயே பொங்கித் திங்காரு. பாவம்.” ஒருநாள் அந்தக் குரல் காய்ச்சல் என்று சொன்னபோது அவருக்காக ஜெபம் செய்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து இஞ்சி தட்டிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா வருகிறார். அவர் கை என்பது அத்தைக்குத் தொட்டவுடன் தெரிகிறது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அவரிடமே சொல்கிறார். “ரேடியோவுல புதுசா ஒரு ஆளு பேசுதாரு. நல்ல மனுசன். நீங்கதான் விட்டுட்டிய.” மாமா கையை அழுத்துகிறார். அவ்வளவுதான் அவரால் முடிகிறது.

அக்கா மறுபடி சொல்லிப் பார்த்தார். “இனி அங்க என்னப்பா இருக்கு? இங்க வந்துருங்க. கைய புடிச்சுக்கிட்டாவது தெனமும் இருக்கலாம்.”

“வந்துட்டா காலையில அவளுக்கு யாரு பேசுவா?” என்றார் மாமா. “அந்த ஆளும் இல்லன்னு ஆயிரும்.”

அவர் டம்ளரிலிருந்த காப்பியைக் குடித்துவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினார். காலையில் நண்பர்கள் இப்போது அவர் குரலைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஆல்வின் அண்ணாச்சி மெனு என்ன என்று கேட்பதை மட்டும் விடவில்லை. கேட்டால்தான் மாமா சொல்லுவார், சொன்னால்தான் அத்தைக்குத் தெரியும் என்பதால்.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் ஒன்றுதான். அந்தப் பழைய ரிசீவர் உடைந்து போகவில்லை. ஏதோ ஓர் ஊரில், ஒரு ஓட்டலிலோ டீக்கடையிலோ துணிக்கடையிலோ, அலங்காரத்துக்கு வைத்த கறுப்பு டெலிபோனில் அது இருக்கிறது. வாய் வைக்கிற பக்கத்து மூடியைக் கையால் திருகினாலே கழன்றுவிடும். உள்ளே வட்டமான வில்லை இருக்கும். அதைத் திருப்பிப் பாருங்கள். பச்சைப் பெயிண்டில் ஒரு பொட்டு இருந்தால் அது மாமாவுடையது. ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் வினோத் அண்ணன் கடை என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள்; அங்கே கொடுத்தால் போதும். உங்கள் கண்ணில் அது படாமல் போகலாம். உங்களுக்குத் தெரிந்த வேறு யார் கண்ணிலாவது படலாம். அதனால் இதை உங்களோடு வைத்துக்கொள்ளாமல் அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.